வளைகுடாவுக்குச் செல்பவரின் காப்பீடு: தேர்ந்தெடுப்பவர் யார்?

2024 ஜூன் 12 அன்று அதிகாலையில் குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர்கள் அடைத்து வைக்கப்பட்டதுபோல் தங்கியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் தீப்பிடித்தது. 45 இந்தியத் தொழிலாளர்களின் உடல்களை விமானப்படை விமானம் கொச்சிக்குக் கொண்டுவந்தது. கேரளத்தவர் 23 பேர், தமிழ்நாட்டினர் 7 பேர். உத்தரப் பிரதேசம், ஆந்திரம், ஒடிசா, பீகார் என்று மற்றவர்களின் ஊர்கள் நாடெங்கும் பரவிக் கிடந்தன. அமைச்சர்கள் மலர்வளையம் வைத்தார்கள். ஒன்றிய, மாநில அரசுகள் உதவித்தொகை அறிவித்தன. இறந்த ஒவ்வொருவர் பெயரிலும் என்ன காப்பீடு இருந்தது, அதை வாங்கியவர் யார், அந்தப் பத்திரம் யாரிடம் இருந்தது என்ற கேள்விகள் மட்டும் அந்தச் சில நாட்களின் பரபரப்பில் அதிகம் எழவில்லை.

நீண்டகாலம் வெளிநாட்டில் தங்கப் போகிறவர் எந்தக் காப்பீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஆலோசனை சொல்லும் கட்டுரைகளுக்கு இன்று பஞ்சமில்லை. பிரீமியத்தை ஒப்பிடுங்கள், பணமில்லாச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளின் பட்டியலைப் பாருங்கள், காணாமல் போகும் பெட்டிக்கு எவ்வளவு கிடைக்கும் என்று கேளுங்கள் என்று அவை விரிகின்றன. தவறான ஆலோசனைகள் அல்ல. ஆனால் இந்தியாவிலிருந்து சென்று ஆண்டுக்கணக்கில் அயல்நாட்டில் தங்குகிறவர்களில் மிகப் பெரும் பகுதியினர் யார்? வளைகுடா நாடுகளில் மட்டும் சுமார் 90 லட்சம் இந்தியர்கள் இருக்கிறார்கள். பீகாரின் சிவான், கோபால்கஞ்ச், தெலங்கானாவின் நிஜாமாபாத், கேரளத்தின் மலப்புரம், நமது இராமநாதபுரம் போன்ற மாவட்டங்களிலிருந்து சாரம் கட்டவும் கம்பி வளைக்கவும் லாரி ஓட்டவும் சென்றவர்கள் அவர்களில் கணிசமானோர். காப்பீட்டை ஒப்பிட்டுப் பார்த்து வாங்கும் வாய்ப்பு இவர்களுக்கு வந்ததே இல்லை. விசாவோடும் விமானச் சீட்டோடும் சேர்த்து ஏஜென்ட் அதையும் ‘முடித்து’ வைத்துவிடுகிறார். பல தொழிலாளர்களுக்குத் தம் பெயரில் ஒரு பாலிசி இருப்பதே தெரியாது.

அந்தப் பாலிசியின் பெயர் ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’. 2003இல் தொடங்கப்பட்ட இத்திட்டம் கடைசியாக 2017இல் பெரிய அளவில் திருத்தப்பட்டது. 1983ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அரசின் அனுமதி பெறவேண்டும். வளைகுடா நாடுகள் ஆறும், மலேசியா, ஜோர்டான், ஈராக் போன்றவையும் அப்பட்டியலில் உள்ளன. அந்த அனுமதிக்கு இந்தக் காப்பீடு கட்டாயம். வரி நீங்கலாக இரண்டாண்டுக்குப் பிரீமியம் 275 ரூபாய், மூன்றாண்டுக்கு 375 ரூபாய். விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக உடல் முடங்கினாலோ 10 லட்சம். மருத்துவச் செலவுக்கு ஒரு லட்சம். வேலை தொடர்பான வழக்குச் செலவுக்கு 45,000. இறந்தவர் உடலை ஊருக்குக் கொண்டுவரும் செலவும் உடன் வருபவரின் பயணச் செலவும் தனி. தொழிலாளி முதலாளியை மாற்றிக்கொண்டாலும் பாலிசி செல்லும். மாதம் 12 ரூபாய்க்கும் குறைவான தொகைக்கு இவ்வளவு தரும் பயணக் காப்பீடு சந்தையில் வேறு கிடையாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அரசு தலையிட்டு விதிமுறை வகுத்ததால்தான் இது சாத்தியமாயிற்று.

குறைகள் இரண்டு. முதலாவது பெரிது; நமது இயக்கம் உரக்கப் பேசவேண்டியது.

மேலே எழுதியதை மீண்டும் பாருங்கள். 10 லட்சம் ‘விபத்தில்’ இறந்தால் மட்டுமே. ஐம்பது டிகிரியைத் தொடும் வெயிலில் பகலெல்லாம் கான்கிரீட் போட்டுவிட்டு, இரவு முகாமுக்குத் திரும்பிப் படுத்த முப்பது வயது இளைஞர் காலையில் எழவில்லை என்றால் அது விபத்தா? வளைகுடாவில் இத்தகைய மரணங்கள் பெருமளவில் ‘இயற்கை மரணம்’ என்றோ ‘மாரடைப்பு’ என்றோதான் பதிவாகின்றன. பிரேதப் பரிசோதனை செய்து மூலகாரணத்தைத் தேடுவது அரிது. எல்லோருடைய இதயமும் கடைசியில் நின்றுதான் போகிறது. ஏன் நின்றது என்பதே கேள்வி. கத்தாரில் 2009 முதல் 2017 வரை இறந்த நேபாளத் தொழிலாளர்களைப் பற்றி 2019இல் இதயவியல் ஆய்விதழ் ஒன்றில் வெளியான ஆய்வு, இதயநோயால் இறந்ததாகப் பதிவான 571 பேரில் 200 பேர் வரை, வெப்பத்திலிருந்து முறையான பாதுகாப்பு இருந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடும் என்று மதிப்பிட்டது. அதே வெயிலில்தான் நமது தொழிலாளர்களும் நின்றார்கள்.

இதில் கவனிக்கவேண்டிய இன்னொன்றும் உண்டு. வேலை விசாவில் வளைகுடாவுக்குச் செல்பவர்களில் பெரும்பாலோர் ‘காம்கா மெடிக்கல்’ என்று மக்கள் வழக்கில் சொல்லப்படும் மருத்துவப் பரிசோதனையில் தேறாமல் விமானம் ஏற முடியாது. இரத்தம், நெஞ்சுப்படம் எல்லாம் பார்த்து, உழைக்கத் தகுதியான உடல் என்று சான்று கொடுத்த பிறகே விசா. அப்படித் தேர்ந்தெடுத்துக் கொண்டுபோன உடல் இரண்டே ஆண்டில் பெட்டியில் திரும்பும்போது, அது இயற்கையாக நடந்தது என்று எழுதப்படுகிறது. அந்த ஒரு சொல்லால் முதலாளி பொறுப்பிலிருந்து விடுபடுகிறார். காப்பீட்டு நிறுவனம் 10 லட்சத்திலிருந்து விடுபடுகிறது. வட்டிக்குக் கடன் வாங்கி ஏஜென்டுக்குக் கட்டிய குடும்பம் மட்டும் கடனோடு நிற்கிறது. காரணம் எதுவாயினும், பணிக்காலத்தில் நேரும் மரணத்துக்கு இழப்பீடு என்று விதி மாற்றப்பட வேண்டும். பிரீமியம் சற்று உயரும். அந்த உயர்வை ஆளெடுக்கும் நிறுவனமும் ஒன்றிய அரசும் ஏற்கட்டும். இந்தத் தொழிலாளர்கள் அனுப்பும் அந்நியச் செலாவணியைப் பெருமையோடு கணக்குக் காட்டும் அரசுக்கு இது பெரிய சுமை அல்ல.

இரண்டாவது குறை, யாரை இது சேர்த்துக்கொள்கிறது என்பது. பத்தாம் வகுப்புத் தேறிய கொத்தனாருக்கு இந்தக் காப்பீடு கட்டாயமில்லை. தேறாத கொத்தனாருக்குக் கட்டாயம். இருவரும் ஒரே சாரத்தில் நிற்கிறார்கள். பள்ளிச் சான்றிதழை வைத்து ஆபத்தை அளக்கும் இந்த விசித்திரம் நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய சட்டத்திலிருந்து வருவது. இன்னொரு பக்கம், விசிட் விசாவில் அனுப்பப்படுகிறவர்கள். அங்கே போனதும் வேலை விசாவுக்கு மாற்றித் தருவதாக ஏஜென்ட் சொல்லுவார். அரசின் பதிவுக்குள்ளேயே வராததால் இவர்களுக்கு அந்தப் பாலிசியும் கிடையாது. விமானச் சீட்டோடு ஒட்டிவரும் முப்பது நாள், அறுபது நாள் சுற்றுலாக் காப்பீடுதான் கையில் இருக்கும். அதன் பொடி எழுத்தைப் படித்தால், உடலுழைப்பு வேலையின்போது ஏற்படும் காயத்துக்குப் பொறுப்பில்லை என்று பல பாலிசிகளில் எழுதியிருக்கும். சுற்றுலாப் பயணி என்று கையெழுத்திட்டவர் சாரத்திலிருந்து விழுந்தால் நிறுவனம் கைவிரிப்பது சட்டப்படி மிகச் சுலபம்.

அங்கே போனால் முதலாளி காப்பீடு எடுத்துத் தருவாரே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். சவூதி அரேபியா 1999இலேயே இதற்குச் சட்டம் இயற்றியது. துபாய் 2013இல் இயற்றியது. 2025 ஜனவரி 1 முதல் ஐக்கிய அரபு அமீரகம் முழுவதும் தனியார் துறைத் தொழிலாளிக்கு மருத்துவக் காப்பீடு எடுப்பது முதலாளியின் கடமை. பிரீமியத்தைக் கூலியில் பிடிக்கக் கூடாது என்பதும் விதி. பிடிக்கிறார்களா என்பதைக் கூலிச் சீட்டைப் பார்த்தால் தெரியும். இதை உரிமையாகக் கேட்டு வாங்க வேண்டும். ஆனால் இதன் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். இது சிகிச்சைக்கானது, இறப்புக்குப் பின் குடும்பத்துக்கு எதுவும் தராது. வேலையோடு வந்தது வேலையோடு போய்விடும். முதலாளி விசாவை ரத்து செய்தாலோ, ‘ஓடிப்போனவர்’ என்று புகார் கொடுத்தாலோ, இகாமாவைப் புதுப்பிக்காமல் இழுத்தடித்தாலோ, காப்பீட்டு அட்டை வெறும் அட்டைதான். மருத்துவம் மிகவும் தேவைப்படும் நிலையில்தான் அது கைநழுவும். அந்நேரத்தில் நம் நாட்டுப் பாலிசி தரும் ஒரு லட்சம் ரூபாய் எவ்வளவு தூரம் வரும்? நாலாயிரத்துச் சொச்சம் திர்ஹாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் சில நாட்களுக்குக்கூடப் போதாது. 2017இல் நிர்ணயித்த அந்தத் தொகையை உயர்த்த வேண்டும் என்ற கோரிக்கையும் இதனால்தான் அவசரமாகிறது.

நமது தோழர்களின் குடும்பங்களிலும் இன்று பிள்ளைகள் படிப்புக்காகவும் மென்பொருள் வேலைக்காகவும் கடல் கடந்திருக்கிறார்கள். ஆகவே அதைப்பற்றியும் இரண்டு வார்த்தை. ஆஸ்திரேலியாவுக்குச் செல்லும் மாணவர் அந்நாட்டு விதிப்படியான மாணவர் மருத்துவக் காப்பீட்டை எடுத்தே ஆகவேண்டும். ஜெர்மனியில் முப்பது வயதுக்குட்பட்ட மாணவர் பொதுக் காப்பீட்டு நிதியில் சேரலாம். பிரிட்டனில் விசாவோடு சுகாதாரக் கட்டணம் கட்டினால் பொது மருத்துவமனை திறந்திருக்கும். மாணவருக்கு அது ஆண்டுக்கு 776 பவுண்டு. இங்கெல்லாம் தேர்ந்தெடுக்கும் தலைவலி குறைவு, ஏனெனில் பொதுக் கட்டமைப்பு ஒன்று இருக்கிறது அல்லது அரசு அளவுகோல் வைத்திருக்கிறது. பிள்ளையைப் பார்க்க அமெரிக்கா சென்று ஆறு மாதம் தங்கும் பெற்றோரின் நிலை நேர்மாறானது. சந்தை மட்டுமே அங்கே துணை. அறுபதைக் கடந்தவருக்கு விற்கப்படும் பல பாலிசிகளில், ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இரத்த அழுத்தம் சார்ந்த சிகிச்சை விலக்கப்பட்டிருக்கும், அல்லது உயிர்காக்கும் அவசரநிலைக்கு மட்டும் சுருக்கப்பட்டிருக்கும். அறைவாடகைக்கும் அறுவைக்கும் தனித்தனி உச்சவரம்பு இருக்கும். முகப்பில் அச்சிட்டிருக்கும் லட்சம் டாலர்களைப் பார்த்து ஏமாறாமல் இந்த உள்வரம்புகளைப் படிக்க வேண்டும். நோயை மறைத்து விண்ணப்பம் நிரப்பச் சொல்லும் முகவரை நம்பவே கூடாது. மறைத்த நோயைக் காரணம் காட்டியே பின்னால் கோரிக்கை நிராகரிக்கப்படும். அப்போது அந்த முகவர் தொலைபேசியை எடுக்கமாட்டார்.

1973இல் பொதுக் காப்பீடு நாட்டுடைமையானபோது நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் நிறுவனங்கள் நான்கு பொதுத்துறை நிறுவனங்களாக இணைக்கப்பட்டன. 1984இல் வெளிநாட்டுப் பயணிகளுக்கான முதல் மருத்துவக் காப்பீட்டை அறிமுகம் செய்தவையும் அவையே. இன்று அந்நிய மூலதனத்தின் வரம்பு 26 விழுக்காட்டில் தொடங்கி, 49, 74 என்று ஏறி, 2025 பட்ஜெட்டில் 100 என்று அறிவிக்கப்பட்டுவிட்டது. 2021இல் சட்டத்தைத் திருத்தி, பொதுத்துறை நிறுவனங்களில் அரசின் பங்கை 51 விழுக்காட்டுக்குக் கீழே இறக்கவும் வழி செய்துகொண்டார்கள். 275 ரூபாய்ப் பாலிசியை விற்பதில் எந்தப் பன்னாட்டு நிறுவனத்துக்கும் ஆர்வம் இருக்காது. லாபம் சுற்றுலாப் பயணியிடமும் அமெரிக்கா செல்லும் பெற்றோரிடமும் இருக்கிறது. புலம்பெயர் தொழிலாளியின் காப்பீடு பொதுத்துறையில் தங்குமா என்பதும், பொதுத்துறையே தங்குமா என்பதும் இரண்டு கேள்விகள் அல்ல. மாநிலங்கள் ஓரளவு முயல்கின்றன. கேரள அரசு 2025இல் ‘நோர்கா கேர்’ என்ற பெயரில் அயல்நாடு வாழ் கேரளத்தவருக்கு ஐந்து லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீட்டையும் பத்து லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீட்டையும் கொண்டுவந்தது. வரவேற்க வேண்டிய முயற்சி. ஆயினும் அச்சிகிச்சை இந்திய மருத்துவமனைகளில்தான். ரியாத் மருத்துவமனையின் ரசீதுக்கு ஒன்றிய அரசுதான் பதில் சொல்லவேண்டும்.

விதிகள் மாறும்வரை காத்திருக்க முடியாது. நமது கிளைகள் இயங்கும் கிராமங்களிலிருந்து ஒருவர் விமானம் ஏறும்போது செய்யக்கூடிய வேலைகள் இருக்கின்றன. பாலிசி எண்ணையும், எந்த நிறுவனம் என்பதையும் ஏஜென்டிடம் கேட்டு வாங்கி, ஒரு நகலை வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். வாரிசுதாரர் பெயர் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். திருமணத்துக்கு முன் போனவர்கள் பெற்றோர் பெயரைக் கொடுத்துவிட்டுப் பிறகு மாற்றுவதே இல்லை. இரண்டாண்டு முடிந்ததும் வேலை ஒப்பந்தம் நீட்டிக்கப்படும், பாலிசி தானாக நீளாது. அங்கிருந்தபடியே இணையம் வழியாகப் புதுப்பிக்க முடியும் என்பதைத் தெரிவியுங்கள். மரணம் நேர்ந்தால், உடல் புறப்படும் முன்பே மருத்துவ அறிக்கை, காவல்துறை அறிக்கை, தூதரகப் பதிவு ஆகியவற்றின் நகல்களைக் கேட்டுப் பெறும்படி அங்குள்ள நண்பர்களிடம் வற்புறுத்துங்கள். பணியிடத்தில் மயங்கி விழுந்தவரின் அறிக்கையில் அந்த இடமும் நேரமும் எழுதப்பட வேண்டும். உடல் அடக்கமான பிறகு அதைச் சேர்க்க வழியில்லை. கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. மனு எழுதத் தெரிந்த தோழர் ஒருவர் ஒவ்வொரு ஒன்றியத்திலும் இருக்கிறார்.