உறையின்மேல் யார் பெயர்?

இசைத்தட்டுக் கம்பெனி என்றால் பாடகன் பாடியதைப் பதிவுசெய்து கடையில் விற்றுக் கொடுக்கிற வியாபார ஸ்தாபனம், அவ்வளவுதான் என்ற அபிப்பிராயம் நம்மவரிடையே இன்னும் நிலைத்திருக்கிறது. ஆனால் பாட்டு எத்தனை நிமிஷம் நீள வேண்டும், ஒரு தொகுதியில் எத்தனை பாட்டுகள் அடங்க வேண்டும், எவருடைய முகம் உறையின்மேல் வர வேண்டும், மறைந்த கலைஞனுக்கு எப்போது எவ்விதம் அஞ்சலி செலுத்த வேண்டும் என்பன யாவும் பெரும்பாலும் கம்பெனியின் மேசையிலே தீர்மானமாகிற விஷயங்கள். ‘எஞ்சாய் எஞ்சாமி’யின் பிற்சரித்திரத்தைக் கவனித்த மலைநாட்டார் இதை நன்றாகவே உணர்ந்திருப்பார்கள்.

2021 மார்ச்சில் வெளிவந்த அந்தப் பாட்டுக்கும் எங்கள் ஊருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. இலங்கைத் தீவின் ரயில் நிலையங்கள் அனைத்திலும் உயரமானதாகிய, 6200 அடிக்கு மேலே பனிமூட்டத்துக்குள் கிடக்கிற பட்டிப்பொல ஸ்டேஷனைத் தாண்டித்தான், 1964-ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின், பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு தலைமன்னாரை நோக்கிக் கோச்சியிலே போயின. 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று இரண்டு அரசாங்கங்களும் அவர்களைக் கேளாமலே எழுதிக்கொண்ட அந்தக் காலத்துக் கோச்சியை நம் ஜனங்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றார்கள். அவ்வாறு தேயிலைத் தோட்டத்து வேலையை விட்டுத் தமிழ்நாடு திரும்பிய பெண்மணிகளில் ஒருவரான வள்ளியம்மாளின் பேரன்தான் அரக்கோணத்துக் கவிஞர் அறிவு. பாட்டியின் நினைவுகளையும் ஒப்பாரியின் சாயலையும் கொண்டு அவர் எழுதி, பாடகி தீயுடன் சேர்ந்து பாட, சந்தோஷ் நாராயணன் இசையமைப்பில், ஏ.ஆர். ரஹ்மானின் ஆதரவோடு கனடாத் தமிழர் தொடங்கிய ‘மாஜா’ என்ற கம்பெனி அதை வெளியிட்டது. நாடு கடந்தும் மொழி கடந்தும் அது பரவிய வேகம் எல்லாரும் அறிந்தது.

பாட்டு பரவப் பரவப் பெயர் தேய்ந்ததுதான் விசித்திரம். 2021 ஓகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ சஞ்சிகை தன் அட்டையில் தீயையும் வேறொரு பாடகரான ஷான் வின்சென்ட் டி போலையும் போட்டு, எழுதியவரை விட்டுவிட்டது; இயக்குநர் பா. ரஞ்சித் முதலானோர் கண்டித்த பிறகே அறிவுக்குத் தனியாக ஓர் அட்டை வந்தது. டி.ஜே. ஸ்நேக் என்ற பிரெஞ்சுக்காரர் செய்த மறுகலவைப் பதிப்பிலும் அவர் பெயர் விடுபட்டதென்று சர்ச்சை எழுந்தது. 2022 ஜூலையில் சென்னையில் நடந்த செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவிலே அந்தப் பாட்டு அறிவு இல்லாமலே அரங்கேறியது. 2024 மார்ச்சில், மூன்று வருஷமாகியும் இப்பாட்டினால் தமக்கு ஒரு சல்லியும் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே பகிரங்கமாகச் சொன்னார்; கம்பெனி அதை மறுத்தது. யார் எவ்வளவு இயற்றினார், யாருக்கு யார் கடன் என்ற வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் முன்வரவில்லை. ஒரு பாட்டின் மூலப் பதிவு எவர் கையில் இருக்கிறதோ, மறுகலவையும் விளம்பரமும் உறைப்படமும் பெரும்பாலும் அவர் வழியாகவே நடக்கும் என்பது மாத்திரம் என் வாதம். தோட்டத்தில் கொழுந்து பறிப்பவளையும் லண்டன் கடையின் தேயிலைப் பெட்டியையும் இங்கே உவமையாகச் சொல்லலாம்; சொல்லிச் சொல்லி நமக்கே சலித்துப்போன உவமை அது, விட்டுவிடுகிறேன்.

கம்பெனியே தீர்மானிக்கிற இந்த வழக்கம் நம்மை ஏய்ப்பதற்கென்று ஏற்பட்டதன்று. உலகப் புகழ் உச்சியில் இருந்த பீட்டில்ஸ் குழுவினரையே அமெரிக்காவின் கெப்பிடல் கம்பெனி தன் இஷ்டப்படி வெட்டியது. 1966-இல் இங்கிலாந்தில் 14 பாட்டுகளோடு வந்த ‘ரிவால்வர்’ தொகுதி அமெரிக்காவில் 11 பாட்டுகளோடு வந்தது. அங்கே பாட்டு ஒன்றுக்கு இவ்வளவென்று உரிமைத்தொகை கொடுக்க வேண்டியிருந்ததால் தொகுதி குறுகினால் செலவு குறையும். ஒதுக்கி வைத்த பாட்டுகளைச் சேர்த்து இன்னொரு தொகுதியும் விற்கலாம். அதே வருஷம் அப்படி ஒட்டுப்போட்ட ஒரு தொகுதிக்காகக் கசாப்புக்காரர் வேஷத்தில், இறைச்சித் துண்டுகளின் நடுவே அவர்கள் உட்கார்ந்திருக்கும் படத்தை அச்சடித்த உறையைக் கம்பெனி அவசரமாகத் திரும்பப் பெற்றது; பாட்டுகளை வெட்டியதற்கான கண்டனம் அது என்று ரசிகர் பலர் பொருள் கொண்டார்கள். 1967-இல் ‘சார்ஜன்ட் பெப்பர்’ வந்தபோதுதான் இரு நாட்டிலும் ஒரே வரிசையில் பாட்டுகள் அமைந்தன. நால்வரும் அதற்குள் கம்பெனியையே பணியவைக்கிற பலம் பெற்றிருந்தார்கள். மற்றவர்களுக்கு அந்தப் பலம் ஏது?

போனஸ் பாட்டு என்கிற விசேஷத்தின் பிறப்பும் சங்கீதத்தில் இல்லை. ஏறத்தாழ 45 நிமிஷம் பிடித்த இசைத்தட்டின் இடத்தில் 74 நிமிஷம் பிடிக்கிற இறுவட்டு வந்தபோது மிஞ்சிய இடத்தை நிரப்பி, பழைய தொகுதியையே மறுபடியும் வாங்க வைத்தார்கள். யப்பானில் உள்நாட்டு இறுவட்டின் விலை சட்டத்தின் துணையோடு உயர்வாக நிலைநிறுத்தப்பட்டிருந்தபடியால், மலிவான இறக்குமதித் தட்டை வாங்காமல் உள்ளூர்த் தட்டையே ஜனங்கள் வாங்கும்படி அதில் மாத்திரம் ஓரிரு பாட்டுகளைக் கூட்டினார்கள். அஞ்சலித் தொகுதிகளிலும் கம்பெனியின் கையைக் காணலாம். 1970-இல் இறந்த ஜிமி ஹென்ட்ரிக்ஸின் பெயரில் 1975-இல் வந்த ‘கிராஷ் லேண்டிங்’ தட்டில், அவரோடு வாசித்தவர்களின் பகுதிகளை அழித்து, அவர் கண்ணாலும் காணாத வாத்தியக்காரர்களைக் கொண்டு புதிதாக வாசிக்கச் செய்தார்கள். இறந்தவனால் ஆட்சேபிக்க முடியாது என்பது இவ்வகை வெளியீடுகளில் உள்ள பெரிய சௌகரியம்!

நம் பக்கத்துச் சரித்திரத்திலும் பெயர் ஒட்டிக்கொண்ட கதையும் உண்டு, உதிர்ந்த கதையும் உண்டு. 1902-இல் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனிக்காகப் பாடிய கௌஹர் ஜான், ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் தம் பெயரைத் தாமே கூவிச் சொல்லுவார்; ஜெர்மனியிலே தட்டு அச்சிடுகிறவர்கள் பெயரைத் தவறாமல் பொறிக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு, நூறு வருஷத்துக்குப் பிறகும் அவர் பெயரை அவர் குரலிலேயே காப்பாற்றித் தருகிறது. நம் நாட்டில் ஏ.ஈ. மனோகரன் பாடிப் பிரபலமாக்கிய ‘சுராங்கனி’யோ 1977-இல் ஒரு தமிழ்நாட்டுப் படத்துக்குள் நுழைந்தபின், அது இலங்கையிலிருந்து வந்ததென்பதே அங்கே பலருக்கு மறந்துபோயிற்று.

இவ்வளவையும் சொல்லக் காரணம் எங்கள் தோட்டத்து வாலிபர்கள். மழைக்காலத்துச் சாயங்காலத்தில் லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து, ஈரத்தில் தொய்ந்த தப்பைக் கவ்வாத்து மிலாறு எரியும் அடுப்பருகே காட்டிக் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, ‘ணங்’கென்று அது தெறிக்கிற கணம் வரையில் காத்திருந்து, பிறகு கிற்றாரோடு சேர்த்துக் கைத்தொலைபேசியில் பதிவுசெய்கிறார்கள். பாட்டு பெரும்பாலும் ஆத்தாள் ஒருத்தி பாடக் கேட்டது. காமன் கூத்திலோ ஒப்பாரியிலோ எடுத்த இரண்டு அடி, அதன்மேல் ரொக் தாளம். கேட்க நன்றாகவே இருக்கிறது. நாளைக்கு ஒரு கம்பெனி தேடி வந்தால், ‘எல்லா நாடுகளிலும், எக்காலத்துக்கும், இனிக் கண்டுபிடிக்கப்படும் எல்லா ஊடகங்களிலும்’ என்று ஆரம்பிக்கிற ஒப்பந்தத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திட்டுவிடுவார்கள். கம்பெனியே கூடாதென்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் வள்ளியம்மாளின் பெயர் அரக்கோணத்துக்கு அப்பால் போயிராது. ஆனால் மூலப் பதிவு எத்தனை வருஷத்துக்குப் பிறகு நமக்குத் திரும்பும், மறுகலவைக்கு நம் சம்மதம் தேவையா, எழுதியவர் பெயர் ஒவ்வொரு பதிப்பிலும் வருமா என்ற மூன்றையும் கேட்டுத்தான் பேனாவைத் தொட வேண்டும்.

ஆத்தாளின் பங்கு என்ன என்ற கேள்வி இன்னும் கடினமானது. தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள் தோட்டத்துக் கூட்டங்களில் பாடிய பாட்டுகள் 1940-இல் அச்சேறினபடியால் அவர் பெயர் பிழைத்தது. சி.வி. வேலுப்பிள்ளை அரும்பாடுபட்டுத் திரட்டிய மலைநாட்டு மக்கள் பாடல்களோ பொதுச்சொத்து. அவற்றுக்குத் தனிமனித ஆசிரியர் இல்லை. ஆயினும் 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு நாட்டார் கலைக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. வியாபாரத்துக்காக அதைப் பயன்படுத்துகிறவன் அநுமதி பெற வேண்டும். எந்தச் சமூகத்திலிருந்து அல்லது எந்த இடத்திலிருந்து எடுத்தான் என்பதையும் குறிப்பிட வேண்டும். சட்டம் இருந்தும், நம் தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தைக்குக் காட்டுகிற சிரத்தையில் பத்தில் ஒரு பங்கையாவது இதற்குக் காட்டக் காணோம். அட்டனிலும் நுவரெலியாவிலும் உள்ள கலாசார அமைப்புகள் எந்த ஒப்பாரியை எந்தத் தோட்டத்து எந்தப் பிரிவில் யார் பாடினார்கள் என்பதைத் திகதியோடு பதிந்த இடாப்பு ஒன்றை இப்போதே தொடங்கலாம். கம்பெனிக்காரர் வந்து கேட்கும்போது எடுத்துக் காட்டுவதற்கு எழுத்து மூலமான அத்தாட்சி வேண்டுமல்லவா?