பெருங்குடலுக்கும் சோறு வேண்டும்

இதயத்திற்குக் கவிஞர்களின் ஆதரவு என்றும் உண்டு. கண்ணுக்கும் கைக்கும் பழமொழிகள் பல. வயிற்றை விளித்து ஔவையாரே பாடியிருக்கின்றார். பெருங்குடலைப் பாடியவர் யாரென்று தேடினால் ஒருவரும் அகப்படமாட்டார். பாடுவது கிடக்கட்டும், அதன் பெயரை நாலு பேர் நடுவிலே உச்சரிப்பதற்கே நாம் கூசுகின்றோம். கழிவைச் சுமந்து வெளியே தள்ளும் வாய்க்கால் என்பதற்கு மேல் அதற்கு நாம் மதிப்புக் கொடுத்ததில்லை. இந்த அவமதிப்புக்கு நம் வீடுகள் கொடுத்துவரும் விலையைப் பற்றியே இவ்வாரம் வாசகர்களுடன் அளவளாவ விரும்புகின்றோம்.

சாய்ந்தமருதின் மாரிகாலத்தை அறியாதார் நம்மிடையே இல்லை. கிழக்கே கடல் இரைய, மேற்கே வயல்வெளி வெள்ளக்காடாகக் கிடக்க, நடுவிலே நெருங்கி நிற்கும் வீடுகளின் வளவுகளில் தண்ணீர் தேங்கிவிடும். சிறிய வளவுக்குள்ளே கிணறும் மலக்குழியும் சில முழத் தூரத்தில் அமைந்திருப்பதால், வெள்ளம் வடியும் நாட்களில் வயிற்றோட்டமும் வீடு தேடி வந்துவிடுகின்றது.

அத்தகையதொரு மாலையில் அயல்வீட்டுக்குச் சென்றிருந்தோம். மூன்று வயதுப் பாலகன் ஒருவன் பாயிலே துவண்டு கிடந்தான். காலையிலிருந்து எட்டுத் தடவைக்கு மேல் வயிற்றாலே போயிருந்தது. உதடு காய்ந்திருந்தது, கண்கள் குழிவிழுந்திருந்தன. "தண்ணி" என்று அவன் ஈனக்குரலிற் கேட்க, தாயோ கண்ணீருடன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "குடுக்கக் குடுக்க ஓடுது ராத்தா. வயிறு காஞ்சாத்தானே நிக்கும்" என்று நம்மிடம் கூறினாள்.

அவள் கல்லாதவள் அல்லள். பிள்ளையிடத்து அன்பில்லாதவளும் அல்லள். ஓடும் வாய்க்காலை நிறுத்த மடையை அடைக்க வேண்டுமென்று, வயலோரத்து ஊரிற் பிறந்த எவருக்கும் தோன்றுவதே அவளுக்கும் தோன்றியது. நல்லவேளையாக அவ்வீட்டு மூத்தம்மா உப்பிட்ட கஞ்சித் தண்ணீரோடு அடுக்களையிலிருந்து வந்தார். கரண்டி கரண்டியாகப் புகட்டினார். பின்னர் ஜீவனிப் பொதியும் வந்தது. இரவோடிரவாக வைத்தியசாலைக்கும் கொண்டு சென்றோம். பிள்ளை பிழைத்தான். மூத்தம்மா செய்ததே சரியென்று வைத்தியர் சொன்னபோது, அந்தக் கஞ்சிக் கிண்ணத்தினுள் என்ன விஞ்ஞானம் ஒளிந்திருக்கின்றதென்று அறிய நமக்கும் ஆவல் பிறந்தது.

நாம் உண்ணும் உணவிற் பெரும்பகுதி, சுமார் 20 அடி நீளமுள்ள சிறுகுடலிலேயே செரித்து உடலிற் சேர்ந்துவிடுகின்றது. எஞ்சியதே, சுமார் 5 அடி நீளமுள்ள பெருங்குடலை அடைகின்றது. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை லீற்றர் நீர் அதனுள் வந்து சேர, 100 அல்லது 200 மில்லிலீற்றர் தவிர ஏனையதையெல்லாம் அது உறிஞ்சி இரத்தத்திற்குத் திருப்பிக் கொடுக்கின்றது. தேவை நேரிடின் நாளொன்றுக்கு 5 லீற்றர் வரையிலும் உறிஞ்சும் ஆற்றல் அதற்குண்டு.

அவ்வளவோடு அதன் தொழில் முடிவதில்லை. கோடானுகோடி நுண்ணுயிர்கள் அங்கே குடியிருக்கின்றன. சிறுகுடலிற் செரியாது தப்பிவரும் மாப்பொருளையும் நாரையும் அவை புளிக்கச் செய்து, குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்கள் எனப்படும் பொருள்களை ஆக்குகின்றன. அவற்றுள் பியூட்டிரேற்று என்பதே பெருங்குடற் சுவரின் கலங்களுக்குத் தலையாய உணவு. உடலின் மற்றைய உறுப்புகள் இரத்தத்திலிருந்து உணவு பெற, பெருங்குடற் சுவரோ தன் பசியைப் பெரும்பாலும் உட்புறத்திலிருந்தே ஆற்றிக்கொள்கின்றது. அந்த அமிலங்களை உறிஞ்சும்போது உப்பையும் உடன் உறிஞ்சுகின்றது. உப்பின் பின்னே நீரும் செல்கின்றது. இவ்வொரு செய்தியை நினைவில் வைத்துக்கொண்டால் மேலே வருவன யாவும் எளிதில் விளங்கும்.

வயிற்றோட்டத்திற் பெரும்பாலும் உயிரைக் கொள்ளை கொள்வது நீரிழப்பே. வாந்திபேதி என்னும் கொலராவில் கிருமியின் நஞ்சு சிறுகுடலைத் தாக்கி, உடலின் நீரையும் உப்பையும் வெளியே பாயச் செய்கின்றது. ஆயினும் சர்க்கரையும் உப்பும் தக்க அளவிற் கலந்த நீரை, அந்த நிலையிலும் சிறுகுடல் ஏற்றுக்கொள்ளும். டேவிட் நலின், ரிச்சர்ட் காஷ் ஆகிய இளம் வைத்தியர்கள் 1968 ஆம் ஆண்டில் டாக்காவில் இதை நோயாளிகளிடத்து நிறுவிக் காட்டினர். 1971 ஆம் ஆண்டு வங்காளதேச யுத்தத்தின்போது, பங்காவோன் அகதி முகாமில் கொலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சேலைன் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகாலநபிஸ் உப்புச் சர்க்கரைக் கரைசலைப் பீப்பாய்களில் நிரப்பி, உறவினர்களைக் கொண்டே நோயாளிகளுக்குப் புகட்டச் செய்தார். நூற்றுக்கு 30 அளவில் இருந்த சாவு, நூற்றுக்கு 4 இற்கும் கீழே இறங்கியது. இன்று நம் ஊர் மருந்துக்கடையில் வாங்கும் ஜீவனி அக்கரைசலின் வழிவந்ததே.

ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. கரைசல் உயிரைக் காத்ததேயன்றி ஓட்டத்தைக் குறைக்கவில்லை. இழந்த நீரை ஈடு செய்தது. போவது போய்க்கொண்டே இருந்தது. கண்ணெதிரே பிள்ளைக்கு ஓடிக்கொண்டிருக்க, "மருந்து பலிக்கவில்லை" என்று தாய்மார் அதைப் பாதியில் நிறுத்திவிடுவதற்கு இதுவே காரணம். நம் அயல்வீட்டுத் தாயின் மயக்கமும் இதிலிருந்து வெகு தூரத்தில் இல்லை.

இக்குறையைத் தீர்க்கும் வழியொன்று தமிழ்நாட்டு வேலூரில் புலப்பட்டது. 1900 ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரேயொரு கட்டிலுடன் தொடங்கிய சிறு வைத்தியசாலை, பின்னாளில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாகப் பெருகியது. அங்கே குடல்நோய் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த டாக்டர் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் அவருடைய குழுவினரும், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்து ஹென்றி பைண்டர், அவுஸ்திரேலியாவின் கிரேம் யங் ஆகியோருடன் சேர்ந்து ஒரு வினாவை எழுப்பினர். கொலரா நஞ்சு தாக்குவது சிறுகுடலையல்லவா? அப்படியாயின், 5 லீற்றர் உறிஞ்ச வல்ல பெருங்குடலை ஏன் துணைக்கு அழைக்கலாகாது? அதை வேலை வாங்க வேண்டுமாயின் முதலில் அதற்கு உணவிட வேண்டுமல்லவா?

உணவிடுவதென்றால், சிறுகுடலிற் செரியாமல் பெருங்குடல்வரை போய்ச் சேரும் மாப்பொருள் வேண்டும். சோளத்திலிருந்து பெற்ற அத்தகைய மாவில் லீற்றருக்கு 50 கிராம் எடுத்து வழக்கமான கரைசலிற் சேர்த்தனர். கொலரா கண்ட 48 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வழக்கமான கரைசலையும், இன்னொரு பிரிவினருக்கு அரிசிமாவு சேர்த்ததையும், மூன்றாம் பிரிவினருக்கு இப்புதிய கரைசலையும் கொடுத்தனர். வழக்கமான கரைசல் குடித்தவர்களுக்கு ஓட்டம் நிற்பதற்குச் சராசரி 91 மணித்தியாலம் சென்றது. அரிசிமாவு குடித்தவர்களுக்கு 71 மணித்தியாலம். புதிய கரைசல் குடித்தவர்களுக்கோ 57 மணித்தியாலமே சென்றது. 2000 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் 'நியூ இங்கிலண்ட் ஜேர்னல் ஒவ் மெடிசின்' என்னும் புகழ்பெற்ற மருத்துவச் சஞ்சிகையில் இம்முடிவு வெளிவந்தது. வாய்க்கால் என்று நாம் இகழ்ந்த உறுப்பு, ஒரு பிடி மாவு கிடைத்ததும் ஒன்றரை நாள் நோயைக் குறைத்துக் காட்டியது!

மூத்தம்மாவின் கஞ்சி நடுப்பிரிவினரின் அரிசிமாவுக் கரைசலுக்கு உறவு என்பதை வாசகர்கள் கண்டிருப்பர். பழஞ்சோற்றுக்கும் இதில் ஒரு பங்குண்டு. சோறு ஆக்கி ஆறும்போது அதன் மாப்பொருளில் ஒரு பகுதி மீண்டும் இறுகி, சிறுகுடலிற் செரியாத தன்மையை அடைகின்றது. இரவு நீரூற்றி வைத்த சோற்றைக் காலையில் எருமைத் தயிரும் சின்ன வெங்காயமும் சேர்த்து உண்டுவிட்டு வயலுக்குச் சென்றவர்கள், தம்மை அறியாமலே பெருங்குடலுக்கும் ஒரு பங்கு அனுப்பிக்கொண்டிருந்தனர்.

இதைப் படித்துவிட்டு நோயுற்ற பிள்ளைக்குப் பழஞ்சோற்றைக் கரைத்துக் கொடுத்துவிடாதீர்கள். வேலூரில் கொடுத்தது அளந்தெடுத்த மாவேயன்றிப் பழஞ்சோறு அன்று. பழஞ்சோற்றில் அப்பொருள் சிறிதளவே உண்டு. அன்றியும், வெப்பத்தில் நெடுநேரம் கிடக்கும் சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. சுகதேகிகள் உண்பதானாலும் கொதித்தாறிய நீர், கழுவிய பாத்திரம், மறுநாட் காலையோடு முடித்துவிடல் என்னும் மூன்றையும் பேணுதல் வேண்டும்.

வயிற்றோட்டம் கண்டவுடன் செய்ய வேண்டியது இதுதான். ஒரு பொதி ஜீவனியை அதில் குறிப்பிட்ட அளவு கொதித்தாறிய நீரிற் கரைத்துச் சிறுகச் சிறுகக் கொடுங்கள். கரைத்ததை ஒரு நாளைக்கு மேல் வைத்திராதீர்கள். பொதி கிடையாதவிடத்து, ஒரு லீற்றர் நீருக்கு மட்டமாக எடுத்த 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் சேர்க்கலாம். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், வழக்கமான உணவையும் சிறிது சிறிதாகக் கொடுங்கள். கண் குழிவிழுதல், சிறுநீர் போகாமை, சோர்ந்து கிடத்தல், மலத்தில் இரத்தம், குடித்ததெல்லாம் வாந்தியாதல் ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் வைத்தியசாலைக்கு விரையுங்கள்.

நோயில்லாத நாட்களிலும் பெருங்குடல் உணவு கேட்கின்றது. உகண்டாவிற் பணிபுரிந்த அயர்லாந்து சத்திரவைத்தியர் டெனிஸ் பேர்கிற், நாருணவு மிகுதியாக உண்ணும் ஆபிரிக்கக் கிராமத்தவரிடையே பெருங்குடற் புற்றுநோய் அரிதாயிருப்பதை 1970 களில் உலகிற்கு எடுத்துரைத்தார். 2015 ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியொன்றில், அமெரிக்கக் கறுப்பினத்தவர் 20 பேரும் தென்னாபிரிக்கக் கிராமத்தவர் 20 பேரும் தங்கள் உணவை இரண்டு வாரங்களுக்கு மாற்றி உண்டனர். நார் உணவுக்கு மாறிய அமெரிக்கரின் குடலில் பியூட்டிரேற்று பெருகி, அழற்சிக் குறிகள் தணிந்தன. கொழுப்பும் இறைச்சியும் மிகுந்த உணவுக்கு மாறிய கிராமத்தவருக்கோ இதற்கு நேர்மாறாயிற்று. இரண்டே வாரங்களில்! குரக்கன், சோளன், பயறு, கௌபி, முருங்கையிலை, வல்லாரை ஆகியவற்றை ஏழைகளின் உணவென்று ஒதுக்கிவிட்டு, தவிட்டை நீக்கிய வெள்ளரிசிச் சோற்றையும் கோதுமை மா ரொட்டியையும் பொரித்த கோழியையுமே நாள்தோறும் உண்ணும் குடும்பங்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

இதுகாறும் சொன்னது பட்டினியின் கதை. கூச்சத்தின் கதையையும் சொல்லாவிடின் இக்கட்டுரை நிறைவுறாது. உலகிற் புற்றுநோயால் நேரும் மரணங்களில், நுரையீரலுக்கு அடுத்த இடத்திற் பெருங்குடல், மலக்குடல் ஆகியவற்றின் புற்றுநோய் நிற்கின்றது. 2020 இல் மட்டும் 9 இலட்சத்துக்கும் அதிகமானோரை அது பலிகொண்டது. ஆயினும் இந்நோய் ஒரே நாளில் வருவதன்று. குடற்சுவரில் முளைக்கும் சிறு தசைமொட்டு புற்றாக மாறுவதற்குப் பெரும்பாலும் பத்தாண்டு வரையிற் செல்கின்றது. 1969 இல் வில்லியம் வுல்ப், ஹிரோமி ஷின்யா என்னும் இரு வைத்தியர்கள், வயிற்றைக் கீறாமலே அகநோக்குக் குழாய் வழியாக அம்மொட்டை அகற்றிக் காட்டினர். அன்று முதல், காலத்தோடு கண்டவர்க்கு இது தடுக்கத்தக்க நோயாயிற்று.

காலத்தோடு காண்பதற்கு நாம் வாய் திறந்து சொல்ல வேண்டும். மலத்தோடு இரத்தம் போனால் "மூலந்தானே" என்று மறைப்பதும், மாதக்கணக்கிற் கைமருந்து உண்பதும் நம்மிடையே வழக்கமாக இருக்கின்றன. மூலமாகவே இருக்கலாம், ஆயின் அதைத் தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியரேயன்றி நமது நாணம் அன்று. வாரக்கணக்கில் மலம் கழியும் வழக்கம் மாறுதல், காரணமின்றி உடல் மெலிதல், இரத்தசோகை ஆகியவையும் அவ்வாறே. முக்கியமாக வீட்டுப் பெண்கள், ஆண் வைத்தியரிடம் எப்படிச் சொல்வதென்று ஆண்டுகளைக் கடத்திவிடுகின்றனர். பெண் வைத்தியர் வேண்டுமென்று கேட்பதில் இழுக்கில்லை; கணவன்மாரே உடன் சென்று கேட்டுக் கொடுப்பது அதனினும் நன்று.

அப்பாலகன் இப்போது ஓடியாடி விளையாடுகின்றான். மாரி தொடங்கும் முன்பே அவன் தாய் இரண்டு ஜீவனிப் பொதிகளை வாங்கி அடுக்களைத் தட்டில் வைத்திருப்பதை அண்மையிற் கண்டோம். மூத்தம்மாவிடம் சுகம் விசாரித்தபோது, சில நாட்களாகத் தமக்கு "கொஞ்சம் வித்தியாசம்" என்று தொடங்கி, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பேச்சை நிறுத்திவிட்டார். பேரப்பிள்ளையைக் காப்பாற்றக் கூசாத கை அது. நாளைக் காலை அவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்ல நாம் ஒப்புக்கொண்டிருக்கின்றோம். வாசகர்கள் தத்தம் வீட்டு மூத்தவர்களிடமும் இன்று ஒருமுறை விசாரிப்பார்களாக.