கல்கத்தாவின் சீனப்பேட்டை

"சிக்கன் மஞ்சூரியன்" சீனாவிலிருந்து வந்த பண்டம் என்று நினைப்பவர்கள் பலர். கல்கத்தாவில் பிறந்த சீனரான நெல்சன் வாங் என்பவர் 1975-ல் பம்பாயில் அதை உண்டாக்கினார் என்பார்கள். அந்தச் சமூகம் கல்கத்தாவில் வேரூன்றிய கதையும், வேரறுந்த கதையும் நாம் அறிய வேண்டியவை.

18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டோங் அச்சியூ என்ற சீன வியாபாரி, கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸிடம் நிலம் பெற்று, ஹூக்ளி நதிக்கரையில் சர்க்கரை ஆலை வைத்தார். வேலைக்குச் சீனர்களைத் தருவித்தார். அவ்வூருக்கு இன்றும் அச்சிப்பூர் என்றே பெயர். அவர் காலத்துக்குப் பின் ஆலை நொடித்தது. சீனர்கள் கல்கத்தா நகருக்குள் குடியேறினர். டிரெட்டா பஜாரைச் சுற்றி அவர்களுடைய கோயில்களும் சங்கங்களும் எழுந்தன. காண்டன்காரர்கள் தச்சு வேலையிலும், ஹூபேய் மாகாணத்தார் பல் வைத்தியத்திலும், ஹக்கா மக்கள் பாதரட்சைத் தொழிலிலும் பெயரெடுத்தனர். நகரின் கிழக்கே டாங்ராவில் ஹக்காக்கள் தோல் பதனிடும் ஆலைகளை அமைத்தனர். மேல்சாதியார் ஒதுக்கிய தொழில் அது. அதுவே அவர்களுக்கு வாய்ப்பாயிற்று.

1962-ல் எல்லை யுத்தம் மூண்டதும் நிலைமை தலைகீழாயிற்று. அஸ்ஸாம், வடக்கு வங்காளம் முதலிய பகுதிகளிலிருந்து சீன வம்சத்தார் சுமார் 3,000 பேர் விசாரணையின்றி ராஜஸ்தானத்து தேவ்லி முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் குழந்தைகளும் உண்டு. சிலர் பல ஆண்டுகள் அங்கே அடைபட்டுக் கிடந்தனர். கல்கத்தாவில் இருந்தவர்களும் போலீஸ் கண்காணிப்புக்கு ஆளாயினர். இந்த மண்ணிலேயே பிறந்தவர்களைச் சந்தேகித்தால் அவர்கள் எதை நம்பி இருப்பார்கள்? குடும்பம் குடும்பமாகக் கானடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் புறப்பட்டனர்.

1996-ல் சுப்ரீம் கோர்ட், மாசு காரணமாகத் தோல் ஆலைகளை நகருக்கு வெளியே மாற்ற உத்தரவிட்டது. அது நியாயமான காரணமே. ஆனால் ஏற்கெனவே நம்பிக்கை இழந்திருந்த சமூகத்துக்கு அது இரண்டாவது அடி. பல ஆலைகள் மூடப்பட்டன. டாங்ரா இன்று உணவு விடுதிகளுக்கே பேர் போனது. எஞ்சியிருக்கும் சீனர்கள் சில ஆயிரம் பேரே.

பழைய பேட்டையைப் புதுப்பித்து, உல்லாசப் பிரயாணிகளை வரவழைக்கலாம் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. நல்லதுதான். ஆனால் சுவருக்கு வர்ணம் பூசுவதால் மட்டும் ஒரு சமூகம் தங்கிவிடாது. தேவ்லியில் அடைபட்டிருந்தவர்கள் மூப்படைந்து மறைந்து வருகிறார்கள். அவர்கள் கேட்பது, நடந்தது தவறு என்ற ஒரு வார்த்தை. அவர்கள் உயிரோடிருக்கும்போதே அதைச் சொல்வது சர்க்காரின் கடமை.