கொக்கியில் என்ன கஞ்சத்தனம்?

போன வாரம் வில்லியனூர் சாலையில் எனக்கு முன்னால் ஒரு டிரெய்லர் போனது. மேலே பழைய ஜீப், ஒன்றரை டன் இருக்கும். மாடு குறுக்கே வந்ததும் டிரைவர் பிரேக் போட்டார். ஜீப் ஒரு முழம் முன்னால் நகர்ந்தது. வண்டி கிளம்பியதும் பின்னால் உருண்டது. பின்னால் ஸ்கூட்டரில் நான், என் முதுகைப் பிடித்தபடி பேத்தி.

கயிறு அறுபடவில்லை, கொக்கிதான் பிய்ந்திருந்தது. கட்டடக் கம்பியை வளைத்து, மெல்லிய தகட்டில் இரண்டு பொட்டு வெல்டிங். "இருபது வருஷமா இப்படித்தான் சார், ஒண்ணும் ஆனதில்ல" என்றார் டிரைவர். அதற்குப் பெயர் அதிர்ஷ்டம் ஐயா, அனுபவம் இல்லை.

ஐரோப்பாவில், லாரிச் சரக்கு முன்பக்கம் தன் எடையில் 80 சதவீத விசையோடும், பின்னும் பக்கவாட்டிலும் 50 சதவீதத்தோடும் தள்ளும் என்று கணக்கு வைத்துத்தான் கட்டுகிறார்கள். 1,500 கிலோ ஜீப்புக்கு அது 1,200 கிலோ. இரண்டு பொட்டு தாங்குமா?

கொக்கியைத் தகட்டில் வைக்காதீர்கள்; சேஸிஸில் வையுங்கள். பெயிண்டையும் துருவையும் சுரண்டிவிட்டு, கனமான இரும்புப் பட்டையைச் சுற்றிலும் விடாமல் வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். நான்கு மூலைக்கும் ஒவ்வொன்று வேண்டும்.

பட்டறைக்காரரை நான் குறை சொல்லமாட்டேன். கேட்டதைச் செய்கிறார். ஜீப்புக்கு லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு, கொக்கிக்கு நூறு ரூபாய் பேரம் பேசுகிறோமே, நம்மைத்தான் சொல்லவேண்டும். அந்த நூறு ரூபாய் மிச்சத்துக்கு விலை கொடுப்பது பின்னால் வருகிறவன்.