கணக்குக் கேட்கப்படாத ஓர் இரவு

இஷா தொழுகை முடிந்ததும் ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தை ஒட்டிய தேநீர்க் கடைகளில் நம் பிள்ளைகள் சிலர் ஒரே கைப்பேசியின்மீது கவிழ்ந்திருப்பதைக் காண்கிறோம். அண்மையில் அவர்கள் சிலாகித்தது, 2014-இல் வெளியான ‘தி பர்ஜ்: அனார்க்கி’ என்னும் அமெரிக்கப் படத்தை. ஆண்டுக்கு ஓர் இரவு, மாலை 7 மணி முதல் காலை 7 மணி வரை, கொலை கூடக் குற்றமன்று. காவலரும் வரமாட்டார், மருத்துவரும் வரமாட்டார். ஆத்திரத்தைக் கொட்டித் தீர்த்துவிட்டால் மற்ற நாள்களில் நாடு அமைதியாக இருக்குமாம்! முதல் பாகம் ஒரு செல்வந்தர் வீட்டுக்குள் நடந்தது. இரண்டாம் பாகம் தெருவுக்கு இறங்கியது, ஈர்ப்பும் கூடியது. சுமார் 90 லட்சம் டாலரில் எடுத்த படம் 11 கோடி டாலருக்குமேல் வசூலித்தது.

“வெறும் படம்தானே மாமா” என்கிறார்கள். இரத்தம் தெறிக்கிறது என்பதற்காக நாம் இதை எழுதவில்லை. தமிழ்ப் படங்களில் தெறிக்காத இரத்தமா? அதிலும் மதுரைக்காரன் என்றாலே கையில் அரிவாளைக் கொடுத்துவிடுகிறார்கள். நாம் அஞ்சுவது, அந்தப் படம் ஊட்டும் ஆசையை: ஒரே ஓர் இரவு, நம்மை யாரும் கேள்வி கேட்காமல் இருந்தால்! அணுவளவு செயலுக்கும் மறுமையில் கணக்கு உண்டு என்று நம்புகிறவன் அந்த ஆசையில் எப்படி இளைப்பாற முடியும்? கொட்டினால் கோபம் தீரும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்பிக்கவில்லை. நிற்பவரை உட்காரவும், தணியாவிட்டால் படுக்கவுமே சொன்னார்கள்.

அந்த இரவு நமக்குக் கற்பனையும் அன்று. ஆரப்பாளையத்தில் பேருந்து ஏறினால் சில மணி நேரத்தில் கோவை. அங்கே 1997 நவம்பர் இறுதியில் முஸ்லிம் இளைஞர்கள் சிலரால் போக்குவரத்துக் காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். அடுத்த சில நாள்களில் கலவரத்திலும் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் மாண்டார்கள். நம்மவர் கடைகள் எரிந்தன. காக்க வேண்டிய சட்டம் அன்று எங்கே இருந்தது என்று இன்றும் கேட்கிறோம். கேட்கும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் பதிலுக்குக் கொட்டித் தீர்க்கப் புறப்பட்டவர்களும் நம்மிலிருந்தே வந்தார்கள் என்பதை விழுங்கிவிட முடியாது. 1998 பிப்ரவரி 14 தொடர் குண்டுவெடிப்பில் 58 உயிர்கள் போயின. யாருடைய ஆத்திரம் தீர்ந்தது? குற்றம் செய்யாத வீடுகளிலும் பல ஆண்டுகள் சந்தேகம் குடியிருந்ததுதான் மிச்சம்.

இவ்வளவுக்கும், பிள்ளைகள் அந்தப் படத்தையாவது ஒழுங்காகப் பார்த்தார்களா? நோயாளி முதியவர் ஒருவர், மகளுக்குப் பணம் கிடைக்கட்டும் என்று, தம் உயிரைச் செல்வந்தர் குடும்பம் ஒன்றுக்கு விற்கிறார். வேட்டையாடுவதற்கென்றே ஏழைகளை ஏலம் எடுக்கிறார்கள் பணக்காரர்கள். கதாநாயகனோ, குடிபோதையில் வண்டியோட்டித் தன் மகனைக் கொன்றவனைப் பழிதீர்க்கப் புறப்பட்டவன். வீடு புகுந்தும் கொல்லாமல் விட்டுவிடுகிறான். விடப்பட்டவனே பின்னர் அவன் உயிரைக் காக்கிறான்.

முகமூடிகளைப் பற்றி அரைமணி நேரம் பேசிய ஒரு தம்பியிடம் இந்தக் காட்சியைக் கேட்டோம்.

“அந்த இடம் போர் அடிச்சது மாமா, ஓட்டி விட்டுட்டோம்” என்றான்.