ஆச்சியின் மூளையை எந்த அளவுகோலால் அளப்பது?

டோனனெமாப் மருந்துக்கு இந்தியா 2025-ல் ஒப்புதல் கொடுத்தபோது, அல்சைமர் சிகிச்சை நம் வாசலுக்கே வந்துவிட்டதாகப் பேசினார்கள். செட்டிநாட்டுக் கண்டனூர் வீடுகளின் வாசலுக்கு அது வரவில்லை. மருந்தைத் தொடங்குமுன் மூளையில் அமிலாய்டு புரதம் படிந்திருப்பதை பெட் ஸ்கேனோ முதுகுத் தண்டுநீர்ச் சோதனையோ உறுதிசெய்ய வேண்டும். தொடங்கிய பின் மூளையில் வீக்கமோ ரத்தக்கசிவோ வருகிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்க, இரண்டாங்கட்டில் தனியே உட்கார்ந்திருக்கும் ஆச்சியை மதுரைக்கும் சென்னைக்கும் யார் அழைத்துப்போவது?

தூரத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அளவுகோலைத்தான் பொறுக்க முடியவில்லை. நினைவைக் காக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதி சுருங்கியிருக்கிறதா என்று சொல்ல, அதன் இயல்பான அளவு தெரிந்திருக்க வேண்டும். உலகெங்கும் புழங்கும் மாதிரி மூளை கனடாவின் மான்ட்ரியலில் உருவானது. முதுமை மூளைக்கு ஆதாரமாகக் கொள்ளும் ஏ.டி.என்.ஐ. படத்தொகுப்பு 2004-ல் அமெரிக்காவில் தொடங்கியது; அதில் இருப்பவர்கள் பெரும்பாலும் நன்றாகப் படித்த வெள்ளையர்கள். 2019-ல் ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி.யில் ஜெயந்தி சிவசுவாமி குழுவினர் 100 இந்தியர்களைப் படமெடுத்து ஒரு மூளை வரைபடம் தயாரித்தார்கள். உயரம், அகலம், கன அளவு மூன்றிலும் நம் மூளை மேலைநாட்டார் மூளையைவிடச் சராசரியில் சிறியது என்று தெரிந்தது. அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நோயறிதலுக்கு நிறையவே உண்டு. இயல்பிலேயே சிறிய மூளை, அந்நிய அளவில் வைத்துப் பார்த்தால் நோயால் சுருங்கியதுபோல் தெரியும். அந்த 100 பேரும் 21 முதல் 30 வயதுக்குட்பட்டவர்கள். 75 வயது ஆச்சிக்கு அதிலும் இடமில்லை.

வயதானால் மறதி வரத்தானே செய்யும், ஸ்கேன் எதற்கு என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முகப்புப் படியில் வழுக்கி விழுந்தவருக்குச் சில வாரம் கழித்து மண்டைக்குள் மெல்லச் சேரும் ரத்தக்கட்டும், மூளைக்குள் நீர் தேங்குவதும் மறதியாகவே வெளிப்படலாம். சாதாரண சி.டி. ஸ்கேனிலேயே இவை தெரியும். அறுவைச் சிகிச்சையில் பலர் தேறுவார்கள். ‘ஆச்சிக்குப் புத்தி தடுமாறுது’ என்று ஓரமாக உட்காரவைத்தவர்களில் எத்தனை பேரை இப்படி இழந்தோம்? மருந்தில்லாத நோய்க்குச் செலவு வீண் என்று கணக்குச் சொல்லும் அதிகாரிகளுக்கும் இதுவே பதில்.

2023-ல் வெளியான தேசிய ஆய்வின்படி, 60 வயதைத் தாண்டியவர்களில் கிராமங்களில் 8.4 சதவீதம், நகரங்களில் 5.3 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா எனும் மறதிநோய். நோய் கிராமத்தில் இருக்கிறது. கருவி நகரத்தில் இருக்கிறது. பெங்களூரு மூளை ஆய்வு மையம் இதை உணர்ந்துதான் 2018-ல் கோலார் மாவட்டத்தின் சீனிவாசபுரா தாலுகாவுக்குப் போனது. 45 வயது தாண்டிய 10,000 கிராமத்தாரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்வது திட்டம். விவசாயிகள் பெங்களூரு வந்து எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொள்கிறார்கள். கர்நாடகத்தால் முடிந்தது தமிழ்நாட்டால் ஏன் முடியவில்லை?

இத்தகைய ஆய்வுக்குச் செட்டிநாட்டைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் கிடையாது. கோயிலுக்குக் குடும்பவாரியாகக் கொடுக்கும் புள்ளி வரிக்காகக் குடும்பம் குடும்பமாகக் கணக்கு வைத்திருக்கும் ஊர்கள் இவை. எந்தக் கோயில், யார் வீட்டுப் பெண் வயிற்றுப் பேரன் என்று தலைமுறைகள் பின்னோக்கிச் சொல்லிவிடுவார்கள். பரம்பரையாக வரும் நோயைத் தேடும் மருத்துவருக்கு இது பெரும் செல்வம். இந்த வரி கட்டும் நகரத்தார் சமூகத்தினர் மட்டும் போதாது. அந்த வீடுகளில் சமைத்தும் பெருக்கியும் முதுமை அடைந்த பெண்களையும் சேர்க்க வேண்டும். அவர்களுடைய மறதியை விசாரிக்க வெளிநாட்டிலிருந்து தொலைபேசி அழைப்புகூட வராது.

காரைக்குடியை மாநகராட்சி ஆக்கிய அரசு, அங்கே முதியோர் மூளைப் படமெடுப்பு மையம் ஒன்றை அமைத்து, கண்டனூர், புதுவயல், பள்ளத்தூர் வட்டாரத்தில் இந்த ஆண்டே கணக்கெடுப்பைத் தொடங்க வேண்டும். நம் முதியவர்களுக்கான அளவுகள் கைக்கு வரும்வரை டோனனெமாப் மருந்தைத் தமிழ்நாட்டில் விற்க அனுமதிக்கவே கூடாது.