வீடியோவைக் குத்தகைக்கு விடலாம். கிரயம் செய்ய வேண்டாம்

நிலத்தைக் குத்தகைக்கு விடுவதற்கும் கிரயம் செய்வதற்கும் உள்ள வேற்றுமை விவசாயிகளுக்கு நன்கு தெரியும். ஆனால், செல்போனில் எடுத்து யூடியூபில் வெளியிட்ட வீடியோவை ஒரு நிறுவனம் கேட்டால், பலர் இவ்வேற்றுமையை எண்ணிப் பார்ப்பதில்லை.

ஒற்றை நாற்று நடவு, சொட்டுநீர்க் குழாய் அமைத்தல், களைக்கருவி ஓட்டுதல் போன்ற காட்சிகள் விதை, உரம், கருவி விற்போரின் விளம்பரத்துக்கு ஏற்றவை. படப்பிடிப்புச் செலவு அவர்களுக்கு மிச்சமாகிறது. ஆகவே, "உங்கள் பெயரைப் போடுகிறோம்" என்ற சொல்லுக்காக வீடியோவை இலவசமாகக் கொடுப்பது சரியன்று. உரிய தொகை கேட்பதே நியாயம்.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, தாமே முனைந்து எடுத்த வீடியோவின் உரிமை எடுத்தவருக்கே சேரும். அதைப் பதிவு செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. யூடியூபில் வெளியிடுவதாலும் இவ்வுரிமை போய்விடாது. ஆனால், ஒரு நிறுவனம் பணம் கொடுத்துத் தனக்காக எடுக்கச் சொன்னால், வேறு உடன்பாடு இல்லாதபோது அந்நிறுவனமே உரிமையாளராகிவிடும்.

அனுமதியை எழுத்து மூலமே கொடுக்க வேண்டும். காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், இடம் குறிக்காவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் சட்டம் கொள்ளும். எனவே, எந்த வீடியோ, எந்த விளம்பரத்துக்கு, எத்தனை மாதங்களுக்கு, எவ்வளவு தொகை, பணம் என்று கைக்கு வரும் என்பவற்றைத் தெளிவாக எழுதிக் கொள்ளவும். பிறருக்குக் கொடுக்கக் கூடாது என்று நிறுவனம் நிபந்தனை விதித்தால், தொகையைக் கூட்டிக் கேட்கலாம். "முழு உரிமையும் என்றென்றைக்கும்" என்ற வாசகம் கிரயப் பத்திரத்துக்கு ஒப்பானது. அதில் கையெழுத்திட வேண்டாம்.

சினிமாப் பாட்டுச் சேர்த்த வீடியோவை விற்பனைக்குக் கொடுக்க இயலாது. பாட்டின் உரிமை வேறொருவருடையது. வீடியோவில் தெரியும் கூலியாட்களின் சம்மதத்தையும் முன்கூட்டியே பெற்றுக் கொள்வது நலம்.

பணத்தைவிடப் பெரியது நம்பிக்கை. பயன்படுத்திப் பாராத மருந்தின் விளம்பரத்தில் ஒரு விவசாயியின் முகம் வந்தால், அவரை நம்பி அக்கம்பக்கத்தாரும் வாங்கித் தெளிப்பர். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்குச் சான்று கூறுபவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. வீடியோவை வெட்டி ஒட்டிப் பொருள் மாற்றக் கூடாது என்ற நிபந்தனையையும் சேர்க்க வேண்டும்.

எல்லா வீடியோவும் விலை போகாது. இதை நம்பிச் சாகுபடியைக் கைவிடலாகாது. வரப்பில் விளையும் உளுந்தைப் போல இது ஓர் உபரி வருமானம். ஆனாலும், வரப்பு உளுந்தை யாரும் சும்மா அள்ளிக் கொடுப்பதில்லை அல்லவா?